விஜய் மல்லையா: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஈஸ்ட்ஹாம் வாசி:
2019 ஜூன் 9, லண்டன் ஓவல் மைதானம். உலகக் கோப்பை, ஆஸ்திரேலியாவோடு. தவான் சதம் அடித்த மேட்ச், ஞாபகம் இருக்கும். ஜெயித்த குஷியில் கூட்டத்தோடு வெளியே வருகிறோம், வாசல் பக்கம் "சோர் ஹை, சோர் ஹை" (திருடன், திருடன்) என்று ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தால், வங்கிக் கடன் பாக்கியோடு 2016-ல் லண்டன் போன கிங்ஃபிஷர் விமான முதலாளி மல்லையா, கூடவே அவருடைய அம்மா. அம்மாவுக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்வதாக அவர் நிருபர்களிடம் சொன்னது அன்றைய செய்தியிலேயே வந்தது.

என் மனதை விட்டுப் போகாதவன் ஒரு பையன். எல்லாருக்கும் முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினான். போட்டிருந்தது பெங்களூரு அணியின் சிவப்பு ஜெர்சி. 2008-ல் 11.16 கோடி டாலர் கொடுத்து அந்த அணியை வாங்கி, தன் விஸ்கியின் பெயரையே அதற்கு வைத்தவர் பத்தடி தூரத்தில் நிற்கிறார். ஒரு காலத்தில் இந்தப் பையனே அவரோடு போட்டோ எடுக்க முண்டியடித்திருப்பான்.

இந்த மனிதர் சரிகிறார் என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது? கண்ணால் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

திரிசூலம்:
நான் பாத்தேன். 2012 அக்டோபர், சென்னை ஏர்போர்ட். நான் வேற ஏர்லைன்ஸ், எங்களுக்குப் பக்கத்து கவுன்ட்டர் கிங்ஃபிஷர். ஏழு மாசமா அவங்களுக்குச் சம்பளம் வரலைன்னு பேப்பர்லயே வந்துடுச்சு. இன்ஜினியருங்க வேலையை நிறுத்தினதும் ஃபிளைட்டும் நின்னு போச்சு. அந்த மாசமே லைசென்ஸை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க.

பயணி ஒருத்தர் டிக்கெட்டை மேஜை மேல விசிறி அடிச்சிட்டுப் போறார். அந்தச் சிவப்பு யூனிஃபார்ம் பொண்ணு கீழ குனிஞ்சு அதைப் பொறுக்கி, மடிச்சு வச்சுச்சு. போற ஃபிளைட்டே கிடையாது, ஆனா கியூ கயிறெல்லாம் நேரா இழுத்துக் கட்டிட்டு எங்கிட்ட வந்து, "அக்கா, உங்ககிட்ட ஆள் எடுக்கறாங்களா?"ன்னு கேட்டுச்சு. எடுக்கலைன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல முடியும்?

2005-ல அவங்க வந்தப்போ எங்களுக்கெல்லாம் பொறாமை. சீட்டுக்கு சீட்டு டிவி, அதுல முதலாளியே வந்து, உங்களை என் வீட்டு விருந்தாளியா கவனிக்கச் சொல்லியிருக்கேன்னு பேசுவார். அந்த விருந்தாளியைக் கவனிச்ச பொண்ணு இது. அவ கேட்ட அதே 2012 டிசம்பர்ல, அவர் தன் பிறந்த நாளுக்குத் திருமலையில 3 கிலோ தங்கம் காணிக்கை கொடுத்தார்.

ஈஸ்ட்ஹாம் சார், அந்த அம்மாவைப் பாத்து உங்களுக்கு மனசு கஷ்டமா இருந்தா சரிதான். எனக்கு அந்தப் பையன் கத்தினது தப்பாத் தெரியலை.

குருசாமி சேலம்:
சாமியே சரணம். தங்கம் என்றதும் எழுதத் தோன்றியது. சபரிமலை சந்நிதானத்துக்குத் தங்கம் வேய 1998-ல் 30 கிலோவுக்கு மேல் கொடுத்தவர் அவர்தான். பொன் வேய்ந்த பிறகு மாலை போட்டுப் போனபோது, பதினெட்டாம் படிக்குக் கீழே வரிசையில் எங்கள் குருசாமி கையை உயர்த்திக் காட்டி, "பெங்களூர் மல்லையா கொடுத்தது, நல்லா இருக்கட்டும்" என்றார். வரிசையே சரணம் போட்டது.

2016-க்குப் பிறகு ஒரு கன்னிச்சாமி அதே இடத்தில் என்னிடம் கேட்டார், இதெல்லாம் யார் செய்தது என்று. நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்றவர், "பேங்க் பணம்" என்றார். யாரும் மறுக்கவில்லை. கொடுத்தது 1998, கிங்ஃபிஷர் விமானம் பறந்தது 2005. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்களே என்று அப்போது சொல்லியிருக்கலாம், கூட்டம் தள்ளிவிட்டது. 2025-ல் துவாரபாலகர் கவசத் தங்கம் குறைந்த வழக்கு வந்தபோதுதான் அவர் பெயர் மறுபடி கோயில் பேச்சில் அடிபட்டது.

கணக்குப்பிள்ளை:
ஓய்வுபெற்ற வங்கி ஊழியன். ஏல அறிவிப்புகளைப் படிப்பது தொழில் பழக்கம். 2016 ஏப்ரலில் 'கிங்ஃபிஷர்' என்ற விமான பிராண்டையே ஏலம் விட்டார்கள், தொடக்க விலை 366.70 கோடி. கடன் கொடுத்தபோது அதே பெயரைப் பல ஆயிரம் கோடிக்கு மதிப்பிட்டிருந்தார்கள். ஒருவர்கூடக் கேட்கவில்லை. அன்று எங்கள் கிளையில் யாரும் பேசாமல் டீ குடித்தது நினைவிருக்கிறது. கோவா காண்டோலிம் பங்களா 85.29 கோடியில் ஆரம்பித்து, 2017-ல் 73 கோடிக்குப் போனது. மும்பை கிங்ஃபிஷர் ஹவுஸ் 150 கோடி கேட்டு, 2021-ல் 52.25 கோடி. சரிவு எப்போது தெரிந்தது என்று கேட்டீர்கள். அந்தப் பெயருக்கு ஏலதாரர் வராத நாளில்.

இங்கே இளைஞர்கள் இருப்பதால் ஒன்று சொல்கிறேன். மல்லையா மாட்டியது தனிப்பட்ட ஜாமீனில், அதாவது கம்பெனி கடனைக் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று போட்ட கையெழுத்தில். கம்பெனிக்கு நஷ்டம் வந்தால் கம்பெனியோடு போகும், ஜாமீன் கையெழுத்து போட்டவரின் சொந்த வீடு வரை வராது என்று பலர் நினைக்கிறார்கள். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128-ஐப் படியுங்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் அவரிடம் கேளுங்கள் என்று சொல்ல முடியாது. அடுத்தடுத்து எடுக்கும் கடன்களுக்கும் பொருந்தும் தொடர் ஜாமீனாக இருந்தால் பிரிவு 130-ன்படி இனிமேல் எடுக்கப்போகும் கடனிலிருந்து எழுத்து மூலம் விலகலாம். ஏற்கெனவே வாங்கியதற்கு விலக முடியாது. மச்சான் கம்பெனி, நண்பன் லாரி, சித்தப்பா மில், எதுவாக இருந்தாலும் கையெழுத்துக்கு முன் தொகை வரம்பு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நகலை வீட்டில் வையுங்கள். மனைவிக்குத் தெரியாமல் போடாதீர்கள்.

நியாயம் கேட்பவன்:
பேங்க் சார், பாதியை விட்டுட்டீங்க. கடன் மீட்புத் தீர்ப்பாயம் 2017-ல் சொன்ன அசல் தொகை 6,203 கோடி. 2024 டிசம்பரில் நிதியமைச்சர் மக்களவையிலேயே சொன்னார், மல்லையா சொத்திலிருந்து 14,131 கோடி வங்கிகளுக்குத் திரும்பியது என்று. இரண்டு மடங்குக்கு மேல். 2025-ல் நாலு மணி நேரப் பேட்டியில் மல்லையா கேட்டதும் இதைத்தான். நான் அவரைப் பார்த்தது ஒரே தடவை, ஃபார்முலா ஒன் பந்தயத்தில், கிரேட்டர் நொய்டா. சொந்த அணியோடு நம்ம கொடியை அங்கே நிறுத்தியவர். அந்த அணியும் 2018-ல் கைமாறிவிட்டது. இன்னும் எவ்வளவு பிடுங்கணும்?

கணக்குப்பிள்ளை:
தம்பி, 6,203 கோடியோடு ஆண்டுக்கு 11.5 சதவீத வட்டியும் அதே உத்தரவில் இருக்கிறது. அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

திரிசூலம்:
அந்த 14,131 கோடி பேங்குக்கு வந்தது. என் பக்கத்து கவுன்ட்டர் பொண்ணு அந்தக் கணக்குல எந்த வரியில இருக்குன்னு ரெண்டு பேர்ல யாராவது சொல்லுங்க.

அல்சூர் தமிழன்:
எல்லாரும் பேங்க்லயே நிக்கறீங்க. சரிவு 2012-லயும் இல்ல, 2016-லயும் இல்ல. நான் பாத்தது 2004.

கர்நாடகா சட்டமன்றத் தேர்தல். சுப்பிரமணியன் சுவாமியோட ஜனதா கட்சிக்குச் செயல் தலைவர் இவர். லண்டன் ஏலத்துல எடுத்த திப்பு வாளைப் பத்தி வெளிய சொன்னதும் அந்தச் சமயந்தான். எங்க ஏரியாப் பக்கம் பிரசாரத்துக்கு வந்தார். அப்படி ஒரு கூட்டம்! பொம்பளைங்க புள்ளையைத் தோள்ல தூக்கிக் காட்டறாங்க, பசங்க வண்டியைத் தொட்டுப் பாக்க ஓடறாங்க. எங்க பெரியம்மா மாடியில இருந்து பாத்துட்டு, "ராஜா மாதிரி இருக்கான், இவன்கிட்ட போய் தண்ணி வரலைன்னு எப்படிடா கேக்கறது?"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. ஓட்டு எண்ணினா மாநிலம் முழுக்க அந்தக் கட்சிக்கு ஒரு சீட்டு கிடையாது.

ஜனங்க அவரை அன்னைக்கே வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அவரை வச்சிருந்தது எம்.எல்.ஏ.க்கள். ராஜ்யசபாவுக்கு ஜனங்க ஓட்டு வேணாமே. 2002-ல காங்கிரஸும் மதச்சார்பற்ற ஜனதா தளமும் அனுப்பினாங்க, 2010-ல ஜனதா தளமும் பாஜகவும். ஏர்லைன்ஸ் வச்சிருக்கவரையே விமானப் போக்குவரத்து சம்பந்தப்பட்ட நாடாளுமன்றக் குழுவுல உக்கார வச்சாங்க. 2016 மார்ச் 1 சபைக்கு வந்தார், 2-ஆம் தேதி லண்டன். கிளம்பறதுக்கு முன்னாடி அப்போ நிதியமைச்சரா இருந்த ஜெட்லியைப் பாத்தேன்னு 2018-ல சொன்னார். அவருக்கு நேரம் எதுவும் கொடுக்கலைன்னு ஜெட்லி மறுத்தார்.

ஏப்ரல் கடைசியில ராஜ்யசபா நெறிமுறைக் குழு அவரை நீக்கணும்னு முடிவு பண்ணினதும், மே மாசம் ராஜினாமா கடிதம் வந்துச்சு, கதை முடிஞ்சுது. பையன் மைதானத்துல கத்தினது சரியா தப்பான்னு இவ்வளவு பேசறீங்களே, 2010-ல அவருக்கு ஓட்டுப் போட்ட எம்.எல்.ஏ. எத்தனை பேரைத் தொகுதியில நிறுத்தி ஏன்னு கேட்டோம்? எங்க தொகுதியில யாரும் கேக்கல. உங்கள்ல யாராவது கேட்டிருந்தா, என்ன பதில் வந்துச்சுன்னு எழுதுங்க.