வாடை எழுதிய நோட்டுப் புத்தகம் ஆய்வாகுமா? – கடலூர் சிப்காட் அனுபவத்தை முன்வைத்து ஒரு விவாதம்

கெடிலக்கரை:

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலைக்கும் உப்பனாற்றுக்கும் இடையே அமைந்த சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமங்களில், 2004ஆம் ஆண்டு ஊர்க்காரர்களே சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். எந்த நேரத்தில், எந்தத் திசைக் காற்றில், என்ன வாடை வந்தது, அப்போது கண் எரிந்ததா, மூச்சு முட்டியதா என்று அவர்கள் நாள்தோறும் குறித்து வைத்தார்கள். வாடை பொறுக்க முடியாத அளவுக்குப் போனபோது, பிளாஸ்டிக் வாளிக்குள் பொருத்திய பையில் காற்றைப் பிடித்து அமெரிக்காவிலுள்ள ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். முடிவுகள் அதே ஆண்டில் அறிக்கையாக வெளிவந்தன. அந்த வாளியும் எளிய மக்களின் தேவையிலிருந்து பிறந்ததுதான். 1995இல் கலிபோர்னியாவின் கான்ட்ரா கோஸ்டா மாவட்டத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அருகே வாழ்ந்தவர்களுக்காக, எட்வர்ட் மேஸ்ரி என்ற வழக்கறிஞர் பொறியாளர்களைக் கொண்டு குறைந்த செலவில் செய்வித்த கருவி அது.

இத்தகைய வேலையை 'விழிப்புணர்வுப் பணி' என்று சொல்லி ஒதுக்கிவிடுவதே நம் வழக்கமாக இருக்கிறது. கேள்வியை எழுப்பியவர்கள், அளக்கும் நேரத்தைத் தீர்மானித்தவர்கள், கிடைத்த விடையைக் கொண்டு அதிகாரிகளிடம் வாதாடியவர்கள் எல்லோரும் அந்த ஊர்க்காரர்களே என்னும்போது, இதை ஆய்வு என்று ஏற்கத் தயங்குவதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

வேதிக்கூடம்:

காரணத்தை நான் சொல்கிறேன். பரிசோதனைக் கூடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்த மக்களின் துன்பத்தை நான் மறுக்கவில்லை.

வாடை உச்சத்தில் இருக்கும் சில நிமிடங்களில் மட்டும் பிடித்த காற்று, அந்தச் சில நிமிடங்களைப் பற்றி மட்டுமே பேசும். ஆண்டு முழுவதும் ஒரு குழந்தை புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பென்சீனை எவ்வளவு சுவாசிக்கிறது என்பதை அதிலிருந்து கணக்கிட முடியாது. மேலும், இதற்குப் பயன்படும் டெட்லார் என்னும் பிளாஸ்டிக் படலத்தாலான பையிலிருந்தே பீனால், டைமெத்தில் அசெட்டமைடு போன்ற பொருள்கள் சிறிதளவு கசியும். எனவே ஊர்க்காற்றைப் பிடிக்காமல், தூய காற்று மட்டும் நிரப்பிய 'வெற்றுப் பை' ஒன்றையும் உடன் சோதித்தாக வேண்டும். அழுகிய முட்டை போலவும் அழுகிய முட்டைக்கோசு போலவும் நாறுகிற கந்தகச் சேர்மங்களைப் பையில் பிடித்தால் ஏறத்தாழ 24 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. கடலூரில் பிடித்த காற்றைக் கடல் கடந்து அனுப்பினால் அந்த விதியை எப்படிக் காப்பாற்றுவது? எல்லாவற்றுக்கும் மேலாக, தனக்கு எதிராளி என்று கருதுகிறவரைப் பற்றித் தானே அளவெடுக்கும்போது, எப்போது அளப்பது என்ற முடிவிலேயே சார்பு புகுந்துவிடுகிறது.

நெய்தல்:

வேதிக்கூடம் ஐயா, பையிலேயே கந்தகச் சேர்மங்கள் சிதைந்துபோனால் ஆய்வகம் காட்டும் அளவு உண்மையைவிடக் குறைவாகத்தானே இருக்கும்? அந்தக் குறை ஆலைக்குச் சாதகமானதே தவிர, ஊருக்குச் சாதகமானதன்று. வெற்றுப் பையைச் சோதிக்க வேண்டும் என்பதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்.

சார்பைப் பற்றிச் சொன்னீர்கள். நான் கடலூரைச் சேர்ந்தவள் அல்லள். வேறொரு மாவட்டத்தில், வேறொரு தொழிற்பேட்டையின் மதிலுக்கு அருகே வாழ்கிறேன். எங்கள் பகுதியில் உள்ள அளவீட்டு நிலையம் தூசியையும் கந்தக டை ஆக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் அளந்து, 24 மணி நேரச் சராசரியாக எழுதுகிறது. நள்ளிரவு கடந்து ஏதோ ஒரு வால்வு திறக்கப்பட்டு ஒரு மணி நேரம் ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு விழித்திருக்கும்போது, வெளியேறியது அந்த மூன்றில் ஒன்றாக இல்லையென்றால் அது எழுதப்படுவதே இல்லை. அவற்றில் ஒன்றாகவே இருந்தாலும் மற்ற 23 மணி நேரத்தோடு கலந்து கரைந்துவிடுகிறது. எதை அளப்பது, எந்தக் கால அளவுக்குச் சராசரி எடுப்பது என்பதை முடிவு செய்தவர்களுக்கும் ஒரு சார்பு இருக்கிறது. அரசாணையில் அச்சேறிவிட்டதால் அது யார் கண்ணுக்கும் படுவதில்லை. பென்சீனுக்கு நம் நாட்டின் தேசியக் காற்றுத்தர வரையறையில் இடம் கிடைத்ததே 2009 நவம்பரில்தான். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு கடலூர்ப் பெண்கள் அத்தகைய வாயுக்களைத் தேடிப் பையோடு நின்றபோது, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சட்ட அளவுகோல்கூட இருக்கவில்லை.

எங்கள் ஊரில் புகார் கொடுத்தால், அதிகாரி மறுநாள் பகலில் வருவார். அதற்குள் கடற்காற்று ஏறி எல்லாவற்றையும் மேற்கே தள்ளியிருக்கும். 'ஆய்வின்போது வாடை உணரப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போவார். அந்த ஒரு வரிக்கு எதிராக எங்களிடம் இருந்தவை நோட்டுப் புத்தகங்கள்தாம். பிள்ளைக்கு மூச்சிரைத்ததால் எழுந்தவர், பால் கறக்க எழுந்தவர், ஏலத்துக்கு மீன் கூடை எடுக்க எழுந்தவர் என ஒருவரை ஒருவர் கேட்காமல் தனித்தனியே எழுதிய பதிவுகளை அடுக்கிப் பார்த்தபோது, மழை பெய்யும் இரவுகளிலும் விடுமுறைக்கு முந்தைய இரவுகளிலும் வாடை கூடுவது தெரிந்தது. அதுவரை ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுத் துன்பமாக மட்டும் நினைத்திருந்ததற்கு ஓர் ஒழுங்கு இருப்பது புலப்பட்டது. ஒழுங்கைக் கண்டறிவதற்குப் பெயர் ஆய்வு இல்லையென்றால் வேறென்ன?

வேதிக்கூடம்:

எப்போது, எங்கே தேட வேண்டும் என்று காட்டுவதற்கு நோட்டுப் புத்தகம் உதவும். அதில் எனக்கு மாறுபாடில்லை. அது காட்டிய இடத்தில் முறையாக அளந்த பிறகே 'ஆய்வு முடிவு' என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்கிறேன். சொல் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கடலூரே எடுத்துக்காட்டு. 2000களின் பிற்பகுதியில் நீரி எனப்படும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் அறிக்கையைச் சுட்டி, சிப்காட்டை ஒட்டி வாழ்வோருக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 2000 மடங்கு அதிகம் என்று நாளிதழ்கள் எழுதின. அளந்த செறிவை ஒருவர் வாழ்நாள் முழுவதும் சுவாசித்தால் என்னும் அனுமானத்தின்மேல் கட்டப்படும் அபாயக் கணக்கு அது. யாரும் நோயாளிகளை எண்ணிச் சொன்னதன்று. ஆனால் மேடைகளில் அது எண்ணிப் பார்த்த உண்மை போலவே முழங்கப்படுகிறது. இதைக் கேட்ட ஒரு தாய் எத்தனை இரவு தூங்காமல் இருப்பாள் என்று பேசுகிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

மூன்றாம் ஷிப்ட்:

என் தந்தையும் அண்ணனும் இத்தகைய ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்கள். எந்த வால்வு எப்போது திறக்கப்படுகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். வாடை நோட்டு எழுதும் எவரையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் எந்தப் பங்கேற்பு ஆய்விலும் அவர்கள் பங்கேற்றதில்லை. பெயர் வெளியே தெரிந்தால் அடுத்த நாள் கேட்டுக்குள் விடமாட்டார்கள். ஓர் ஆலையை மூடச் சொல்லி உத்தரவு வந்தால், நிரந்தரத் தொழிலாளிக்காவது கேட்டு வாங்க ஏதோ ஒன்று இருக்கும், ஒப்பந்தக்காரரின் ஆளுக்கு அன்றைய கூலியோடு கணக்கு முடிந்தது. 'ஊர் மக்கள்' என்று நீங்கள் எழுதும்போது அந்த ஊருக்குள் நாங்கள் இருக்கிறோமா என்பதை முதலில் சொல்லுங்கள்.

திணைவாசி:

மூன்றாம் ஷிப்ட் கேட்டிருப்பது இந்தத் துறையின் மிகப் பழைய கேள்வி. 1977இல் கொலம்பியாவின் கார்த்தஹேனா நகரில் சமூகவியலாளர் ஓர்லாந்தோ ஃபால்ஸ் போர்தா முதலியோர் கூட்டிய மாநாட்டிலிருந்து, பங்கேற்புச் செயல் ஆய்வு என்பது ஒடுக்கப்பட்டவர்கள் தம் நிலையைத் தாமே ஆராய்ந்து மாற்றுவதற்கான வழியாகப் பேசப்பட்டு வருகிறது. பின்னாளில் பிரிட்டன் வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் போன்றவர்கள் வழியாக, தரையில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போடுவது, விதைகளைக் குவித்து வறட்சி ஆண்டுகளை மதிப்பிடுவது முதலிய முறைகள் இந்தியக் கிராமங்களுக்குப் பரவின. நல்ல முறைகள்தாம். ஆனால் திட்ட அறிக்கையில் ஒரு புகைப்படம் வேண்டும் என்பதற்காக அரை நாளில் வரைபடம் போட்டு, மாலையில் ஜீப் ஏறிப் போய்விடும் சடங்காக அவை சுருங்கிப்போனதை நான் பலமுறை நேரில் பார்த்திருக்கிறேன். அந்த வரைபடத்தில் சேரி எந்த ஓரத்தில் நிற்கிறது, அதை யார் கையால் வரைந்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

இருந்தாலும், நம் விவாதம் முழுவதும் அளவீட்டின் துல்லியத்தையே சுற்றி வருவது எனக்கு நிறைவளிக்கவில்லை. கேரளத்தைப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் கண்ணூர் மாவட்டத்தின் கல்யாசேரி பஞ்சாயத்தில், மக்கள் அறிவியல் இயக்கமான சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் முன்முயற்சியில், தன்னார்வலர்கள் நிலம், நீர், வீட்டுநிலை ஆகியவற்றைத் தாங்களே பதிவு செய்தார்கள். அவற்றிலும் பிழைகள் இருந்திருக்கும். 1996இல் கேரள அரசு தொடங்கிய மக்கள் திட்டமோ, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. மக்கள் திரட்டிய தகவலுக்குப் பின்னால் செலவிடும் அதிகாரமும் வந்து நின்றபோது, தவறான தகவலால் தவறான இடத்தில் கிணறு வெட்டப்படும் என்ற பொறுப்பும் சேர்ந்தே வந்தது. கடலூரில் மக்கள் அளந்து கொடுத்ததற்கு, இத்தனை நாளுக்குள் விடை சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை. முதன்மையான குறை அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

கெடிலக்கரை:

திணைவாசி சொன்னதற்கு ஒரு சான்று தருகிறேன். 2009 டிசம்பரில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட மாசுக் குறியீட்டில் கடலூர் 77.45 புள்ளிகள் பெற்றது. 70ஐத் தாண்டிய 43 தொழிற்பகுதிகள் 'மிகக் கடுமையாக மாசடைந்தவை' என்று வகைப்படுத்தப்பட்டன. 2010 ஜனவரியில் அவற்றில் புதிய திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. ஊர்க்காரர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லி வந்ததை அரசின் அளவுகோலே பின்னால் வந்து உறுதி செய்தது. ஆனால் அந்தத் தடை நெடுங்காலம் நிற்கவில்லை. தடையை விலக்கலாமா என்று முடிவு செய்யும் நேரத்தில், அந்த நோட்டுப் புத்தகங்களை வரவழைத்துப் பார்க்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

மூன்றாம் ஷிப்டுக்கு நேர்மையான பதில் இதுதான்: உங்கள் தந்தையும் அண்ணனும் அதில் இருந்திருக்க வேண்டும். வேலி ஓரத்தில் இருப்பவரைவிட வேலிக்குள் இருப்பவர் பல மடங்கு அதிகமாகச் சுவாசிக்கிறார். பெயர் எழுதாத பதிவுகளைத் தொழிற்சங்கம் வழியாகவோ ஊர்ப் பெரியவர் வழியாகவோ பெற்றுச் சேர்க்க இயலும். அப்படிச் செய்யாத இடங்களில், ஆலையை மூடுவதா வேண்டாமா என்ற சண்டையில் ஒரே தெருவின் இரண்டு வீடுகள் எதிரெதிரே நின்றதை நான் அறிவேன். பங்கேற்பு என்ற சொல்லை மதிக்கிறவர்கள் இதை அடுத்த முறைக்கு ஒத்திப்போடக் கூடாது.

வேதிக்கூடம்:

என் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பைக் காற்றை வைத்து நூற்றுக்கணக்கானோரின் வேலையைப் பறிக்கும் உத்தரவு பிறப்பிக்கப்படுவதை நான் என்றும் ஏற்கமாட்டேன். அதே நேரத்தில், ஊரார் எடுக்கும் ஒவ்வொரு மாதிரியோடும் வெற்றுப் பை ஒன்றும், வாடை இல்லாத நாளில் அதே இடத்தில் பிடித்த பை ஒன்றும் சேர்த்து அனுப்பப்பட்டால், என் போன்றவர்களின் மறுப்பில் பாதி தானாகவே விழுந்துவிடும். சோதனைச் செலவை ஊரார் ஏற்க வேண்டிய அவசியமும் இல்லை. மாசுபடுத்துகிறவர் செலுத்தும் கட்டணத்திலிருந்து அதைக் கொடுக்க விதி வகுக்கலாம்.

நெய்தல்:

மூன்று பைகளும் பிடிப்போம் ஐயா. வாடை இல்லாத நாளுக்காகக் காத்திருப்பதுதான் எங்களுக்குக் கடினம். ஆனால் ஒரே பையை வைத்து ஆலையை மூடச் சொல்லி நாங்கள் ஒருபோதும் கேட்டதில்லை. நாங்கள் கேட்டவை இரண்டு. புகார் வந்த இரவிலேயே, தகுந்த கருவியோடு ஒருவர் வர வேண்டும். அவர் எழுதும் குறிப்பைத் தமிழில் கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும். உங்கள் துறையில் இருப்பவர்கள் இந்த இரண்டையும் எழுத்தில் ஆதரித்துக் கடிதம் கொடுத்தால், வரும் ஆகஸ்ட் 15 கிராம சபையில் அதைத் தீர்மானத்தோடு இணைத்து வைப்போம். கொடுப்பீர்களா?