‘பாலியேட்டிவ்’ ஆப்பரேஷன் என்றால் என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

லயத்துப் பையன்:
நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். அப்பா காலமெல்லாம் பால்மரம் வெட்டியவர், இப்போது குடலில் கட்டி அடைத்து வார்டில் கிடக்கிறார், ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் பச்சையாக வாந்தி. முந்தாநாள் ஒரு டாக்டர் ‘பாலியேட்டிவ் ஆப்பரேஷன்’ என்றார். நேற்று இன்னொருவர் வந்து ‘இனி பாலியேட்டிவ் மட்டும்தான்’ என்கிறார். கையெழுத்துப் போடச் சொன்ன பாரத்தில் ‘பைபாஸ்’ என்று இருக்கிறது, அதைப் பார்த்துச் சித்தப்பா இருதயத்துக்கா என்று கேட்கிறார்! ஆப்பரேஷன் என்றாலே கட்டியை எடுத்துவிடுவார்கள் என்று நம்பி அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாயிற்று. நான் எதற்குக் கையெழுத்துப் போடுவது?

பழைய மிஸ்ஸி:
தம்பி, அப்பாவுக்கு நினைவு தெளிவாக இருந்தால் கையெழுத்து அவருடையது, உன்னுடையது இல்லை. அப்புறம், அந்த டாக்டர்கள் சொன்னது இரண்டும் ஒன்றல்ல. குடல் பைபாஸ் என்றால் கட்டியை அப்படியே விட்டுவிட்டு, அடைப்புக்கு மேலே இருக்கும் குடலைக் கீழே இருக்கும் குடலோடு சேர்த்துத் தைப்பது. சிலருக்கு மலம் வெளியேற வயிற்றில் பை வைப்பார்கள். வாந்தி நிற்க வேண்டும், அதற்குத்தான். இப்படி நோயைக் குணமாக்க இல்லாமல் தொல்லையைக் குறைக்கச் செய்வதுதான் பாலியேட்டிவ். ‘பாலியேட்டிவ் மட்டும்’ என்று அவர் சொன்னது அநேகமாகக் கத்தி வைக்காமல் ஊசி, மருந்து, மூக்குக் குழாய் என்று பார்ப்பதாக இருக்கும். எது என்று நாளைக்கே கேள்.

கத்தி பிடிக்கப் பழகுபவன்:
அக்கா சொன்னது சரி. குழப்பம் டாக்டர்கள் எங்களுக்குள்ளேயும் உண்டு. குணமாக்கத்தான் வயிற்றைத் திறந்திருப்பார்கள், கட்டி முழுதாக வராது, உடனே ‘பாலியேட்டிவ்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது தப்பு. எதற்காகச் செய்கிறோம் என்று முன்கூட்டியே முடிவு செய்ததை வைத்துத்தான் அந்தப் பெயர். இத்தனைக்கும் 1970களில் மாண்ட்ரியலில் ‘பாலியேட்டிவ் கேர்’ என்ற பெயரைச் சூட்டிய பால்ஃபோர் மவுண்ட் ஓர் அறுவை மருத்துவர்! ‘இதனால் எந்தத் தொல்லை தீரும், தீராவிட்டால் அடுத்து என்ன’ என்று கேளுங்கள்.

செம்பனை:
பாட்டிக்கு ‘பாலியேட்டிவ்’ என்றபோது மொழிபெயர்த்தவன் நான்தான். “கைவிட்டுட்டாங்க பாட்டி” என்றேன். அன்றைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் அப்புறம் நர்ஸ் மிஸ்ஸியிடம்கூட வலி என்று சொல்லவில்லை. ‘வேதனையைக் குறைக்கிற வைத்தியம்’ என்றாவது சொல்லியிருக்கலாம்.

லயத்துப் பையன்:
இன்று இரண்டு டாக்டரையும் ஒன்றாக வரச்சொல்லிக் கேட்டோம், பைபாஸ்தான் என்று முடிவு. அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “கஞ்சி இறங்குமா?” கட்டி அங்கேயேதான் இருக்கும், கஞ்சி இறங்க வைக்கத்தான் பார்க்கிறோம் என்றார் பெரிய டாக்டர். அப்பாவே கையெழுத்துப் போட்டார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.