திக்குறத மறைக்காம விட்டுட்டா, முயற்சிய கைவிட்டதா அர்த்தமா?

பல்லாவரம்_பையன்:
வயசு 27, சின்ன வயசுல இருந்தே திக்கும். ஆனா ஆபீஸ்ல பாதி பேருக்கு தெரியாது, ஏன்னா ஒரு வார்த்தை மாட்டும்னு முன்னாடியே தெரிஞ்சிடும், உடனே வேற வார்த்தைக்கு தாவிடுவேன். பஸ்ல பல்லாவரம்னு வாய் வராம குரோம்பேட்டைக்கு டிக்கெட் எடுத்துட்டு நடந்தே வந்திருக்கேன். சொந்த பேருக்கு மட்டும் மாத்து வார்த்தை கிடையாதே, அங்க நின்னுடும். இப்ப சிலர் இது நோய் இல்ல, நீ பேசுற விதமே இதுதான், அப்படியே ஏத்துக்கோன்னு சொல்றாங்க. அப்ப தெரபிய விட்டுடணுமா? அடுத்த மாசம் இன்டர்வியூ இருக்கு, வீட்ல பொண்ணு வேற பாக்குறாங்க, முன்னாடியே சொல்லிடலாமா?

ஸ்பீச்தெரபி_அக்கா:
தம்பி, பயமோ வளர்ப்போ இதுக்கு காரணம் இல்ல, பேச்ச மூளை கோர்த்து அனுப்புற விதத்துலயே இருக்குற வித்தியாசம் இது. பெரும்பாலும் 2ல இருந்து 5 வயசுக்குள்ள ஆரம்பிக்கும், நிறைய பிள்ளைங்களுக்கு தானா போயிடும், பெரியவங்கள்ல சுமார் 100ல ஒருத்தருக்கு கூடவே இருக்கும். பரம்பரையாவும் வரும், 2010லயே இதோட சம்பந்தப்பட்ட ஜீன் மாற்றங்கள கண்டுபிடிச்சிட்டாங்க. இது தெரியாமதான் நம்ம வீடுகள்ல நாக்குல வசம்ப தேச்சுக்கிட்டு இருந்தாங்க. தெரபிய விட வேணாம். வேணும்னே திக்கி பேச வைக்கிறதும் தெரபில ஒரு பயிற்சிதான், மறைக்கிற பழக்கம் உடையுறதுக்கு. திக்குறதவிட மறைக்கிறதுதான் ஆள ரொம்ப களைப்பாக்குது.

மதுரை_டீச்சர்:
எனக்கும் திக்கும், பதினோரு வருஷமா கிளாஸ் எடுக்குறேன். ஜூன்ல முதல் நாளே பிள்ளைங்ககிட்ட சொல்லிடுவேன், மிஸ் சில வார்த்தைல நிப்பேன், கொஞ்சம் பொறுங்க, நீங்க எடுத்துக் குடுக்க வேணாம்னு. போன வருஷம் ஒரு பையனுக்கு அட்டெண்டன்ஸ்ல 'உள்ளேன்' வரவே வராது, கைய மட்டும் தூக்குடா போதும்னேன். கொஞ்ச நாள் தூக்கிட்டு இருந்தான், அப்புறம் ஒரு நாள், மிஸ் நான் சொல்றேன்னு எந்திரிச்சு, உ... உ...ன்னு நின்னு முழுசா சொல்லிட்டுதான் உக்காந்தான், கிளாஸ்ல ஒருத்தரும் சிரிக்கல. இன்டர்வியூல நீங்களும் முதல் வரிலயே சொல்லிடுங்க தம்பி.

சேல்ஸ்_குமரன்:
டீச்சர் சொல்றது அவங்களுக்கு சரி. எனக்கு நாள் பூரா போன்லதான் வேலை, பேர் சொல்றதுக்குள்ள கட் பண்ணிடுறாங்க. இத என் அடையாளம்னு சொல்லிக்க எனக்கு இஷ்டம் இல்ல, குறைஞ்சா நிம்மதி, அவ்வளவுதான். ஏத்துக்கிட்டே ஆகணும்னு யாரும் கட்டாயப்படுத்தாதீங்க.

மதுரை_டீச்சர்:
சரிதான் தம்பி, அது உங்க விருப்பம். ஆனா போன கட் பண்றவங்க ரெண்டு செகண்ட் பொறுக்கணும்னும் நாம கேக்கணும்ல, மாத்திக்க வேண்டியது நாம மட்டும்தானா?

பல்லாவரம்_பையன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, தெரபி தொடர்றேன். பொண்ணு வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லிடுங்கன்னு அப்பாகிட்ட கேட்டேன், அவரு தயங்குறாரு, நானே பொண்ணுகிட்ட நேர்ல சொல்லிக்கிறேன்னுட்டேன். டீச்சர், இன்டர்வியூல அந்த முதல் வரிய நீங்க எப்படி சொல்வீங்க, அப்படியே டைப் பண்ணி போடுங்களேன்.