கேரவன் இழுக்கப் பழைய பிக்கப்: ஆலோசனை தேவை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் வசிக்கும் நாங்கள், ஏறத்தாழ 1,200 கிலோ எடையுள்ள சிறிய கேரவனை (வேறு வண்டியின் பின்னால் பூட்டி இழுக்கும், உள்ளே தங்கும் வசதியுள்ள வண்டி) வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் வரை இழுத்துச் செல்லக்கூடிய பழைய பிக்கப் ஒன்றைத் தேடி வருகிறோம். 2016-இல் இந்தியாவில் அறிமுகமான இசுசூ வி-கிராஸின் 2.5 லிட்டர் டீசல் வண்டி, டாடா ஜெனான் ஆகிய இரண்டில், உதிரிபாகங்கள் மதுரையிலோ திருச்சியிலோ தட்டுப்பாடின்றிக் கிடைப்பது எதற்கு? நாங்கள் பார்த்த ஒரு வண்டி, பெயின்ட் என்னவோ பளபளவென்றுதான் இருந்தது, தொண்டியிலிருந்து மீன் ஏற்றி ஓடியதாம். உப்புத் தண்ணீர் பட்டுத் துருவேறிய சேஸியின் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) உட்புறம், திருப்புளியால் குத்தியதும் பொலபொலவென உதிர்ந்தது. கிளட்ச் தேய்மானத்தையும் ஏற்றத்தில் இன்ஜின் சூடேறுவதையும் வாங்குமுன் எவ்வாறு கண்டறிவது, இழுவைக் கொக்கி பொருத்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டுமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.