வழக்கில் ஜெயித்த செரோக்கி மக்கள் எப்படி வெளியேற்றப்பட்டார்கள்?

வாசகன்_72:
ஜார்ஜியா மாநிலச் சட்டம் அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கிகளின் நிலத்தில் செல்லாது என்று 1832-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 1838-ல் ராணுவம் வீடு வீடாகப் போய் அந்த மக்களைப் பிடித்திருக்கிறது. எந்தச் சட்டத்தின் பேரில்? "மார்ஷல் தீர்ப்பு சொல்லிவிட்டார், அவரே நிறைவேற்றிக்கொள்ளட்டும்" என்று தலைமை நீதிபதி ஜான் மார்ஷலைப் பற்றி அப்போதைய ஜனாதிபதி ஜாக்சன் சொன்னாராமே, அதுதான் காரணமா? அந்த வெளியேற்றத்தில் 4,000 பேர் இறந்தார்கள் என்ற கணக்கு யாருடையது?

பழைய_ஏடு:
அந்த வசனத்தை விட்டுவிடுங்கள். ஜாக்சன் இறந்து 19 வருடம் கழித்து, 1864-ல்தான் அது அச்சில் வந்தது.

நடந்தது இதுதான். மாநில உரிமம் வாங்காமல் செரோக்கி நிலத்தில் தங்கியதற்காக மிஷனரி சாமுவேல் வொர்செஸ்டருக்கும் எலிசர் பட்லருக்கும் ஜார்ஜியா 4 வருடக் கடுங்காவல் விதித்தது. 1832 மார்ச் 3-ல் உச்ச நீதிமன்றம் வொர்செஸ்டரை விடுவிக்கச் சொன்னது. அந்த மாதமே உச்ச நீதிமன்றத்தின் அமர்வும் முடிந்தது. அடுத்தது 1833 ஜனவரியில். ஜார்ஜியா நீதிமன்றம் உத்தரவை மதிக்கவில்லை. அதன்மேல் நடவடிக்கை கேட்க அடுத்த அமர்வு வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் இருவரும் ஆளுநரின் மன்னிப்பை ஏற்று வெளியே வந்தார்கள். வழக்கு அதோடு செத்தது. இதற்கிடையே ஜார்ஜியா செரோக்கி நிலத்தைத் துண்டு போட்டுக் குலுக்கல் முறையில் வெள்ளையர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. விவசாய நிலம் 160 ஏக்கர், தங்கம் இருக்கும் பகுதியில் 40 ஏக்கர்.

நில_ஆவணம்:
"எந்தச் சட்டம்" என்பதற்கு: 1830-ன் பூர்வகுடி வெளியேற்றச் சட்டத்தில் பலவந்தத்துக்கு இடமில்லை. ஒப்பந்தம் போட்டு நிலத்தை மாற்றிக்கொள்ளும் அதிகாரத்தைத்தான் அது ஜனாதிபதிக்குத் தந்தது. ஆகவே எப்படியாவது ஒரு ஒப்பந்தம் வேண்டியிருந்தது. 1835 டிசம்பர் 29-ல் செரோக்கி தலைநகரான நியூ எக்கோட்டாவில் மேஜர் ரிட்ஜ், எலியாஸ் பூடினாட் உட்பட ஏறக்குறைய 20 செரோக்கிகள் கையெழுத்துப் போட்டார்கள். விலை 50 லட்சம் டாலர், மேற்கே மாற்று நிலம். தலைவர் ஜான் ராஸோ செரோக்கி தேசிய சபையோ அவர்களுக்கு அந்த அதிகாரத்தைத் தரவில்லை. ஆயிரக்கணக்கானோர் எதிர்த்து மனு கொடுத்தும் 1836 மே மாதம் அமெரிக்க செனட் 31-15 என்று ஏற்றது. மூன்றில் இரண்டு பங்கு தேவை. ஒரே ஒருவர் மாற்றிப் போட்டிருந்தால் ஒப்பந்தம் விழுந்திருக்கும். அதில் தந்த கெடு 1838 மே 23. கெடு முடிந்த சில நாளில் ஜெனரல் ஸ்காட்டின் படை இறங்கியது.

ஒப்பந்தம் என்ற பெயரில் இதைவிட அப்பட்டமான மோசடி அமெரிக்க வரலாற்றில் அதிகம் இல்லை.

மருத்துவ_வரலாறு:
4,000 என்பது மேலே சொன்ன அதே பட்லரின் மதிப்பீடு. அவர் மருத்துவர், ஒரு குழுவோடு கூடவே போனவர். முகாம் சாவுகளும் அதில் சேர்த்தி. பிற்கால மக்கள்தொகை ஆய்வாளர் ரஸ்ஸல் தார்ன்டன் 8,000 வரை சொல்கிறார்.

"குளிரில் நடந்து செத்தார்கள்" என்பது பாதிக் கதை. கோடை முழுக்க முகாம்களில் நெருக்கியடித்து அடைத்ததில் வயிற்றுக்கடுப்பு, தட்டம்மை, கக்குவான் பரவின. குழந்தைகளும் முதியவர்களும்தான் முதலில் விழுந்தார்கள். ஜூனில் அனுப்பிய முதல் குழுக்களில் சாவு அதிகம். வறட்சியில் ஆறுகளும் வற்றியிருந்தன. அதனால் ஸ்காட் பயணத்தை இலையுதிர்காலத்துக்குத் தள்ளிவைத்தார். மீதிப் பயணத்தை நடத்தும் பொறுப்பு ஜான் ராஸிடம் வந்தது. குழுவுக்குச் சுமார் 1,000 பேர். ஏறக்குறைய 20 பேருக்கு ஒரு வண்டி. அதில் சாமானும் நோயாளிகளும் போக, மற்றவர்கள் நடைதான். தாமதமாகக் கிளம்பியதால் மிசிசிப்பிக் கரைக்கு வரும்போது குளிர்காலம். ஆற்றில் பனிக்கட்டி மிதந்து படகுகள் நின்றுபோக, தெற்கு இல்லினாயில் பல குழுக்கள் மாட்டிக்கொண்டன.

இன்னொன்றையும் பேச வேண்டும். 1835 கணக்கெடுப்பில் செரோக்கிகள் 16,542. அவர்களிடம் அடிமைகளாக இருந்த கறுப்பினத்தவர் 1,592. அந்த அடிமைகளும் இதே வழியில்தான் கொண்டுபோகப்பட்டார்கள். பல பட்டியல்களில் அவர்களுடைய பெயர்கூடக் கிடையாது.