பழைய மாருதி 800, விலை 62,000, வயரிங் பழுது: வாங்கலாமா?

கேட்டவர் (கோபிசெட்டிபாளையம் பக்கம்):

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வாரம் மூன்று முறை ஈரோட்டில் டயாலிசிஸ் செய்ய வேண்டியிருக்கிறது. விடியற்காலை நான்கரை மணிக்கே வீட்டிலிருந்து புறப்பட வேண்டும் என்பதால் குறைந்த விலையில் ஒரு கார் தேடிக்கொண்டிருக்கிறேன். எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் 2009ஆம் ஆண்டு மாருதி 800 ஒன்றை 62,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். வண்டி ஏழு மாதங்களாக அவருடைய தோட்டத்துச் சாளையில், சோளத்தட்டுப் போருக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறது. இன்ஜின் புகையில்லாமல் ஓடுகிறது, அடித்தகட்டிலும் துரு பெரிதாக இல்லை, பழுதெல்லாம் மின்சாரத்தில்தான். புதிய பேட்டரி போட்டும் மூன்றாம் நாள் காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை. பிரேக்கை மிதித்தால் பின்பக்கம் வலப்புறத்தில் பார்க்கிங் விளக்கும் சேர்ந்து மங்கலாக எரிகிறது. முன்விளக்கைப் போட்டுப் பத்து நிமிடம் ஆனால் வெளிச்சம் குறைந்து, ஸ்டியரிங் அருகே கருகிய வாடை வருகிறது. ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தபோது ஒரு ஃபியூஸின் இரு கால்களையும் செம்புக் கம்பியால் சுற்றி வைத்திருந்தார்கள். மூவாயிரம் ரூபாய் கொடுத்தால் ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் விற்பவர். அவருடைய மெக்கானிக், இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி அணையாததைக் காட்டி, டைனமோ நன்றாக இருக்கிறது என்றார். இதை நம்பி வாங்கலாமா?

பதில் (பெருந்துறை):

வயரிங் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள், நான் ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) பற்றி மட்டும் சொல்கிறேன். 2009ஆம் ஆண்டு வண்டிக்குப் பதினைந்து ஆண்டுகள் 2024இல் முடிந்திருக்கும். அதன்பின் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள். காருக்கான அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆகிவிட்டது. புதுப்பிக்காத வண்டி என்றால் விளக்கு, ஹாரன் எல்லாம் சரியாக எரிந்து ஒலித்தால்தான் ஆய்வில் தேறும் என்பதால், வயரிங் செலவும் அந்தக் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும். வாங்கினால் காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால், ஷார்ட் ஆகி வண்டி தீப்பிடித்தாலும் உங்கள் வண்டிக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது.

பதில் (சங்ககிரி, வயரிங் பட்டறை):

தம்பி, முதலில் அந்த மெக்கானிக் செய்த சோதனையை இனி யாரும் உங்கள் கண்முன் செய்ய விடாதீர்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றினால், அதுவரை பேட்டரி தாங்கிக்கொண்டிருந்த மின்னழுத்த ஏற்றம் ஒரு நொடியில் ஆல்டர்னேட்டர் (அவர் டைனமோ என்று சொன்னது) டயோடுகளையும் இன்ஜின் கம்ப்யூட்டரையும் தாக்கும். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது, உங்களுடையது கம்ப்யூட்டர் கணக்கிட்டுப் பெட்ரோலைத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. வண்டி. மீட்டர் வைத்துப் பார்த்தால் போதும்: இன்ஜின் அணைந்திருக்கையில் பேட்டரியில் 12.4 முதல் 12.6 வோல்ட் வரையும், ஓடும்போது முன்விளக்கைப் போட்ட நிலையிலும் 13.8க்குக் குறையாமலும் இருந்தால் சார்ஜ் ஆகிறது என்று பொருள்.

நீங்கள் சொன்ன மூன்று பழுதுகளும் ஒரே மாதிரியானவை அல்ல. பிரேக் மிதித்தால் பக்கத்து விளக்கு எரிவது பெரும்பாலும் எர்த் பழுது. மின்சாரம் பாடிக்குத் திரும்பும் வழி துருப்பிடித்து அடைபட்டதால், அது அடுத்த பல்பின் இழை வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. பிரேக்கை ஒருவர் மிதித்திருக்க, பின்விளக்கின் எர்த் கம்பிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மீட்டரை வையுங்கள்; 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த்தைச் சுத்தம் செய்ய வேண்டும்.

பேட்டரி இறங்குவதற்கு, சாவியை எடுத்துக் கதவுகளைச் சாத்திவிட்டு, நெகட்டிவ் கம்பியைக் கழற்றி அதற்கும் டெர்மினலுக்கும் இடையே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணையுங்கள். மீட்டர் அப்படி இருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது. 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் குறையில்லை. அதிகமாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் இறங்குகிறதோ அந்த வழியில்தான் கசிவு இருக்கிறது.

எனக்குக் கவலை தருவது மூன்றாவது பழுதுதான். கம்பி சுற்றிய ஃபியூஸும் கருகிய வாடையும் ஒரே வண்டியில் இருக்கின்றன. ஃபியூஸ் அடிக்கடி போனதற்குக் காரணம் தேடாமல், அது போகவே முடியாதபடி கட்டியிருக்கிறார்கள். அதனால் ஃபியூஸ் உருக வேண்டிய இடத்தில் கம்பியின் உறை உருகியிருக்கும். முன்விளக்கில் என்ன பல்பு இருக்கிறது என்று படித்துப் பாருங்கள். ஸ்டியரிங் கவரைக் கழற்றி, விளக்கு போடும் காம்பினேஷன் சுவிட்சின் கப்ளரை, அதாவது கம்பிகள் வந்து சேரும் பிளக்கை, கண்ணால் பார்க்காமல் விலை பேசாதீர்கள். கழற்ற விடமாட்டேன் என்று அவர் சொன்னால் அந்த வண்டி வேண்டாம்.

கேட்டவர்:

அண்ணா, மீட்டர் வாங்கிச் சென்று ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பார்த்தேன். சார்ஜ் 13.9 வோல்ட். பின்விளக்கு எர்த்தில் 2.8 வோல்ட் காட்டியது. திருகைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துப் பூட்டியதும் 0.1க்கு இறங்கிவிட்டது, விளக்கும் சரியாகிவிட்டது. சாவி எடுத்தபின் 0.42 ஆம்பியர் ஓடியது. ஸ்டீரியோவின் ஃபியூஸைப் பிடுங்கியதும் 0.02 ஆனது.

முன்விளக்கில் 100/90 வாட் பல்புகள் இருந்தன. டிம் போட்டுப் பல்பின் கப்ளரில் அளந்தால் 11.2 வோல்ட்தான் வருகிறது. சுவிட்சின் கப்ளர் பழுப்பேறி ஒரு பக்கம் உருகியிருந்தது. அதிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு கம்பிகள் முறுக்கினால் ஒடியும் அளவுக்குக் கெட்டியாகிவிட்டன. இன்ஜின் பக்கம் எலி கடித்த கம்பி ஒன்றும் இருந்தது. அதைப் பார்த்த பிறகு அப்பாவை இதில் உட்கார வைக்கவே பயமாக இருக்கிறது.

பதில் (சங்ககிரி, வயரிங் பட்டறை):

பயம் நியாயமானது, ஆனால் வண்டியை ஒதுக்கத் தேவையில்லை. 0.42 ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர்-மணி போகிறது. 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்றாம் நாள் படுத்ததற்கு அந்த ஒரு கணக்கே போதும். ஸ்டீரியோவைச் சாவியோடு அணையும்படி மாற்றினால் அது தீரும்.

முன்விளக்கு வழியில் 2.7 வோல்ட் தொலைகிறது. இரண்டு பல்புகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 14 ஆம்பியர் என்று கொண்டால், ஒரு சாலிடரிங் அயர்ன் அளவுக்கான வெப்பம் சுவிட்சிலும் கம்பியிலுமாக வெளியாகிறது. கருகியது ஒரு சாணோடு நிற்கிறதா, டேப்புக்குள் மற்றக் கம்பிகளோடு ஒட்டியிருக்கிறதா என்பதில்தான் செலவு இருக்கிறது. டேப்பைப் பிரித்து, உறை மென்மையாக இருக்கும் இடம் வரை போங்கள். அந்த நீளத்தை வெட்டிவிட்டு, அதே தடிமனில் கம்பி இணைத்துச் சாலிடர் வைத்து, ஸ்லீவ் போட வேண்டும். முறுக்கி டேப் ஒட்டும் வேலையை ஒத்துக்கொள்ளாதீர்கள். புதுச் சுவிட்ச், கம்பெனி அளவான 60/55 வாட் பல்புகள், டிம்முக்கு ஒன்றும் பிரைட்டுக்கு ஒன்றுமாக இரண்டு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) போதும். ரிலேக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராக 2.5 சதுர மி.மீ. கம்பியில் வரட்டும், 20 ஆம்பியர் ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். அப்புறம் சுவிட்ச் வழியாக ரிலேயை இழுக்கும் சிறு மின்சாரம் மட்டுமே போகும். என் பட்டறையில் இந்த வேலை, எலி கடித்ததையும் சேர்த்து, பொருளோடு எட்டாயிரத்துக்குள் முடியும். அதைக் கழித்துப் பேசுங்கள்.

கேட்டவர்:

அண்ணா, உருகிய கப்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினேன். அவரும் மறுக்காமல் 51,000 ரூபாய்க்குக் கொடுத்தார். ஆர்.சி. 2029 வரை புதுப்பித்திருந்தது, கடன் பதிவும் இல்லை. கோபியிலேயே ஒரு வயர்மேனிடம் உங்கள் பதிலைப் படித்துக் காட்டி, பக்கத்திலேயே நின்று வேலையைச் செய்ய வைத்தேன். டேப்பைப் பிரித்ததில் கருகல் ஒன்றரைச் சாணோடு நின்றிருந்தது. சுவிட்ச், ரிலே, கூலி எல்லாம் சேர்த்து 7,400 ஆயிற்று. இப்போது பல்பின் கப்ளரில் 13.6 வோல்ட் வருகிறது, அரை மணி நேரம் எரியவிட்ட பிறகும் சுவிட்ச் சூடாகவில்லை. வண்டியைச் சோளத்தட்டுப் போருக்குப் பக்கத்தில் விடாமல் வீட்டு வாசலில் நிறுத்துகிறேன். நேற்று நான்கரை மணிக்கு ஒரே சாவியில் எடுத்தது. அப்பாவை ஈரோட்டுக்கு அழைத்துப் போய் வந்துவிட்டேன்.