பூட்லோடருக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

கொக்குவில், மாஸ்டர்:

எல்லோருக்கும் வணக்கம். செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்றாம் பாடம், யூ-பூட் என்ற பூட்லோடர் ஓடும் ஒரு சிறு போர்டில் ஆண்ட்ராய்டு பூட் இமேஜை, அதாவது ஆண்ட்ராய்டு தொடங்கத் தேவையானவை அடங்கிய கோப்பை, ஏற்றி இயக்குவது. ஓப்பரேட்டிங் சிஸ்டத்துக்குப் பணிசெயல் முறைமை என்று எங்கள் பாடநூல்களிலேயே இருக்கிறது, அதில் கை வைக்கப் போவதில்லை. சிக்கல் பூட்லோடரில், அதாவது அந்த முறைமையை நினைவகத்தில் ஏற்றி ஓடவிடும் நிரலில். கலைச்சொற் பட்டியல்களில் கிடைக்கிற 'துவக்கி'யை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். பின்வாங்கில் இருந்து ஒருவன், "மாஸ்டர், துவக்கு லோட் பண்ணியாச்சு, இனிச் சுடலாமோ?" என்றான். அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது. வேறு சொல் தாருங்கள்.

சென்னை:

உங்கள் ஊரில் துவக்கு என்றால் துப்பாக்கியா! இங்கே அமைச்சர்கள் நாள்தோறும் ஏதாவது ஒரு திட்டத்தைத் துவக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள், யாருக்கும் காயமில்லை. ஒரு வட்டார வழக்குக்காகப் புழக்கத்தில் உள்ள சொல்லைக் கைவிடுவது சரியா? பெடியள் இரண்டு நாள் சிரிப்பார்கள், பிறகு பழகிவிடும்.

நல்லூர், பண்டிதர்:

வட்டார வழக்கு என்று எங்களைச் சொல்லுமுன் ஒரு விடயம். இலக்கிய வழக்கு 'தொடங்கு' என்பதே. 'துவங்கு' அதன் திரிபு. யாழ்ப்பாணத்தில் படிப்பறியாதவரும் தொடங்கு என்றுதான் சொல்வார். துவக்கோ துப்பாக்கியின் உறவு, இரண்டும் துருக்கியிலிருந்து வந்தவை என்பர். சிங்களத்திலும் 'துவக்குவ' என்றே இருக்கிறது. ஆக, திரிபு ஒன்றும் வந்தேறி ஒன்றும் ஒரே உருவில் நிற்கின்றன, இரண்டும் வேண்டாம்.

என் பரிந்துரை 'பூட்டி'. ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம், பூட்டிய பிறகுதான் வண்டி நகரும். ஆங்கிலத்தின் ஒலி, தமிழின் பொருள். இதைவிட வேறென்ன வேண்டும்?

டொரொன்டோ:

ஐயா, எங்கள் வீட்டில் பூட்டி என்றால் அம்மம்மாவின் அம்மா. அதையாவது பொறுக்கலாம். பல கைபேசிகள் பூட்லோடர் பூட்டப்பட்ட நிலையில்தான் விற்பனைக்கு வருகின்றன. கையேட்டில் "பூட்டிய பூட்டியின் பூட்டைத் திறக்க" என்று எழுத வேண்டி வரும். மாஸ்டர் வகுப்பை விட்டே போய்விடுவார்.

சொல்லுக்கு முன் அந்த நிரல் செய்யும் வேலையைப் பார்ப்போம். மின் வந்தவுடன் சிப்புக்குள்ளேயே நிலையாகப் பதித்திருக்கிற ரோம் நிரல் ஓடும். வெளியில் இருக்கும் பெரிய நினைவகமான ராம் அந்நேரம் தயாராக இருக்காது. ஆகவே சிப்பின் உள்ளே உள்ள சிறிய நினைவகத்தில் அடங்கக்கூடிய எஸ்.பி.எல். என்ற துண்டை மட்டும் அது எடுத்து ஓடவிடும். எஸ்.பி.எல். பெரிய ராமைத் தயார் செய்து முழு யூ-பூட்டை அங்கே கொண்டுவரும். யூ-பூட் பூட் இமேஜை வாசிக்கும். அந்த இமேஜின் முதல் 8 பைட்டில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஆண்ட்ராய்டு என்ற பெயரும் ஓர் ஆச்சரியக்குறியும் இருக்கும், அதை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்பது. பிறகு கேர்னல் (பணிசெயல் முறைமையின் கரு), ராம்டிஸ்க் (அதற்கு முதலில் வேண்டிய கோப்புகள்), டிவைஸ் ட்ரீ (போர்டின் வன்பொருள் விவரம்) எல்லாவற்றையும் அதது இருக்க வேண்டிய முகவரியில் வைத்துவிட்டு, கேர்னலிடம் கையளித்து ஒதுங்கிவிடும்.

ஏற்றுதல், கையளித்தல், இரண்டுதான் வேலை. தொடக்கம் என்று பார்த்தால் அது ரோம் நிரலுடையது. 'எழுப்பி' என்றால் என்ன? தூங்கும் இயந்திரத்தை எழுப்புகிறது.

பருத்தித்துறை:

தங்கச்சி சொன்ன எஸ்.பி.எல். கதை எங்களுக்குப் புதிதில்லை. 90களில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் போத்தலில்தான் கிடைக்கும், அதுவும் யானை விலை. கார்பரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடுவோம். நேரே மண்ணெண்ணெயில் உதைத்தால் கால்தான் நோகும். அந்தச் சில துளிதான் எஸ்.பி.எல். அதற்குச் 'சிற்றேற்றி' என்றும் யூ-பூட்டுக்கு 'ஏற்றி' என்றும் வையுங்கள். முன்னால் வருவதென்று 'முன்னேற்றி' என வைத்தால் தேர்தல் மேடை போலாகிவிடும்.

கிளிநொச்சி, மாணவன்:

ஒரு தகவல். யூ-பூட்டின் முழுப்பெயர் 'டாஸ் யூ-பூட்'. அது ஜெர்மன், பொருள் நீர்மூழ்கிக் கப்பல். அந்த மொழியில் பூட் என்றால் படகு. கணினி பூட் ஆவதற்கு அந்தப் பெயரைத் தந்த, சப்பாத்து வாரைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்வது என்ற ஆங்கிலக் கதைக்கும் இதற்கும் தொடர்பில்லை, சிலேடைக்காக வைத்த பெயர்.

நல்லூர், பண்டிதர்:

அப்படியானால் தோணி! வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி, பாய் விரித்தே போய் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்ததே. கலம் கட்டிய ஊருக்குக் கலத்துக்குச் சொல்லா பஞ்சம்? தோணி, வத்தை, வள்ளம், கட்டுமரம்...

கொக்குவில், மாஸ்டர்:

ஐயா, இன்று புதன்.

எழுப்பி எனக்கும் பிடித்தது. ஆனால் கைபேசியில் திரை அணைந்து உறங்குவதும், பொத்தானைத் தொட்டதும் எழுவதும் வேறு விடயம். அங்கே ராமில் எல்லாம் அப்படியே இருக்கும், பூட்லோடர் எட்டியும் பார்ப்பதில்லை. எழுப்பி என்று வைத்தால் பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். மண்ணெண்ணெய்க் கதையை மட்டும் பாடத்தில் சேர்த்துக்கொள்கிறேன், அண்ணைக்கு நன்றி.

'தொடக்க ஏற்றி' என்று போடவா? சிற்றேற்றியும் இருக்கட்டும்.

சென்னை:

சரி. துவக்கி போனதில் வருத்தம்தான், ஆனால் தொடக்க ஏற்றி இங்கேயும் விளங்கும்.

பருத்தித்துறை:

ஓம்.

டொரொன்டோ:

சரி என்று சொல்லவில்லை, மறுக்கக் களைத்துவிட்டேன். தொடக்கத்தில் ஓடுவது ரோம் நிரல்தான் என்பதைப் பாடத்தில் ஒரு வரியாவது எழுதுங்கள். நான் என் குறிப்புகளில் எழுப்பி என்றே எழுதுவேன்.

நல்லூர், பண்டிதர்:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், ஆனால் புணர்ச்சியைத் தின்ன விடமாட்டேன். சிறு ஏற்றி சிற்றேற்றி ஆகலாம், தொடக்க ஏற்றி மட்டும் உடம்படுமெய் இல்லாமல் வாய் பிளந்து நிற்பதா? 'தொடக்கவேற்றி' என்று எழுதுங்கள்.

கிளிநொச்சி, மாணவன்:

ஐயா, அதைத் திரையில் பார்த்தால் நான் 'தொடக்க வேற்றி' என்று பிரித்து, வெற்றியைத்தான் பிழையாக அடித்துவிட்டார்கள் என்று நினைப்பேன்.

மாஸ்டர், உண்மையில் நான் இந்த இழைக்கு வந்தது வேறொன்றுக்கு. என் போர்டில் யூ-பூட் "ஸ்டார்ட்டிங் கேர்னல்" என்று காட்டுகிறது, அதன் பிறகு ஒரு எழுத்துக் கூட வரவில்லை. கணினிக்கு வரும் சீரியல் இணைப்பின் வேகம் 115200 சரியாக இருக்கிறது.

கொக்குவில், மாஸ்டர்:

தம்பி, அந்த வரி வந்துவிட்டதென்றால் தொடக்க ஏற்றி தன் வேலையை முடித்துவிட்டது. கேர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரியான பூட்ஆர்க்ஸில், கன்சோல், அதாவது செய்திகள் வெளிவரும் இடம், எந்த சீரியல் போர்ட் என்று கொடுத்திருக்கிறாய் என்று பார். பெயர் பிழைத்தால் கேர்னல் ஓடிக்கொண்டே இருக்கும், உனக்குத்தான் கேட்காது. அது சரியென்றால் டிவைஸ் ட்ரீ இந்தப் போர்டுக்கு உரியதா என்று பார். பிறகு முகவரிகள். சுருக்கிய கேர்னல் விரியும்போது ராம்டிஸ்க் மேலேயே போய் ஏறிவிடுவதுண்டு.

கையேட்டில் இடைவெளி விட்டுத் 'தொடக்க ஏற்றி' என்றே போகிறது. ஐயா மன்னிக்க வேண்டும். இமேஜுக்குப் படிமம் என்று போட்டிருக்கிறேன்.

நல்லூர், பண்டிதர்:

படிமமா? பௌதிகப் பாடத்தில் இத்தனை காலம் விம்பம் என்றுதானே படிப்பிக்கிறோம்?

கொக்குவில், மாஸ்டர்:

ஐயா, அதற்குப் புது இழை தொடங்குங்கள். திங்கட்கிழமைக்குப் பிறகு.